43 உயிரைக் குடித்த 9-ம் நம்பர் பிளாட்பாரம்!

லண்டன் பாதாள ரெயில் சுவரில் மோதியது ஏன்?
டிரைவரோடு புதைந்து போன மர்மம்

நிற்க வேண்டிய இடம் வந்தது. வண்டி நிற்கவில்லை.

பிளாட்பாரம் முழுவதையும் ஓடி முடித்தது. அப்போதும் நிற்கவில்லை.

அதற்கு அப்பால் வழி கிடையாது. முட்டுச்சந்து மாதிரி ஒரு குகை. குகையின் முடிவில் கெட்டியான சுவர்!

அடுத்த நிமிடம் எங்கும் இருட்டு. புழுதி. மரண ஓலம்.

1975-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி, வெள்ளிக்கிழமை, காலை 8.46 மணிக்கு லண்டன் மாநகரில் மூர்கேட் என்ற பாதாள ரெயில் நிலையத்தில் இந்த கோர விபத்து நடந்தது. 43 பேர் செத்தார்கள். 74 பேர் காயம் அடைந்தார்கள்.

லண்டன் பாதாள ரெயிலில் போர் இல்லாத காலத்தில் நடந்த விபத்துகளில் இதுதான் மிகப்பெரியது. நடந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் "டிரைவர் ஏன் பிரேக் போடவில்லை?" என்ற ஒரே ஒரு கேள்விக்கு இன்று வரை பதில் கிடைக்கவில்லை.

ஆபீஸ் நேரம்

மூர்கேட் என்பது லண்டனில் பாங்கிகளும், இன்சூரன்சு கம்பெனிகளும், பங்கு மார்க்கெட்டும் நிறைந்த பகுதி. காலையில் அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் குமாஸ்தாக்கள், டைப்பிஸ்டுகள், ஆபீசர்கள்.

வடக்கே டிரேட்டன் பார்க் என்ற இடத்தில் கிளம்பும் ரெயில், ஹைபரி, எசெக்ஸ் ரோடு, ஓல்டு ஸ்டிரீட் ஆகிய ஸ்டேஷன்களில் நின்று, கடைசியாக மூர்கேட் வந்து சேரும். மொத்தமே 5 ஸ்டேஷன்தான். சில நிமிடப் பயணம். போய், வந்து, மறுபடியும் போய், வந்து... நாள் முழுவதும் இதே வேலை.

அன்று காலையும் அந்த டிரைவர் அதே பாதையில் பல தடவை போய் வந்து விட்டார். எந்தக் கோளாறும் இல்லை.

எட்டே முக்காலுக்கு மூர்கேட் வர வேண்டிய வண்டியில் சுமார் 300 பேர் இருந்தார்கள். சிலர் பேப்பர் படித்தார்கள். சிலர் அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். வாரக் கடைசி. மறுநாள் சனிக்கிழமை.

சிவப்பு வண்டி

அந்த ரெயிலில் 6 பெட்டிகள். மும்மூன்று பெட்டிகளாக 2 செட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டினார்கள்.

1938-ம் ஆண்டு மாடல் வண்டி அது. லண்டன்காரர்களுக்கு செல்லமான சிவப்பு வண்டி. மோட்டார், கருவிகள் எல்லாவற்றையும் தரைக்கு அடியில் வைத்து, மேலே முழுவதும் பயணிகளுக்கே இடம் கொடுத்த முதல் பாதாள ரெயில் என்ற பெருமை இதற்கு உண்டு. 37 வருட பழைய மாடல் என்றாலும் ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது.

ஆனால் அது ஓடிய குகைதான் வித்தியாசமானது.

லண்டனில் மற்ற பாதாளக் குகைகள் சுமார் 12 அடி விட்டம்தான். இந்தப் பாதையை மட்டும் 1904-ல் திறந்தபோது, மேலே ஓடும் பெரிய ரெயில்களும் உள்ளே வரட்டும் என்று 16 அடி விட்டத்துக்கு குடைந்து வைத்தார்கள். பிறகு நினைத்தபடி நடக்கவில்லை. கடைசியில் சுமார் ஒன்பதரை அடி உயரமே உள்ள சின்ன வண்டிதான் அந்தப் பெரிய குகையில் ஓடியது.

வண்டிக்கு மேலே காலியாகக் கிடந்த அந்த இடம்தான் பின்னால் எமனாக வந்தது!

பால், சர்க்கரை, 270 பவுண்டு

டிரைவருக்கு வயது 56. கல்யாணம் ஆகி பிள்ளைகள் உள்ளவர். 1969-ல் லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் சேர்ந்தார். டிரைவர் ஆகி கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. "ஜாக்கிரதையான மனிதர்" என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அன்று விடியும் முன்பே எழுந்து டூட்டிக்குப் புறப்பட்டார். பையில் ஒரு பாட்டில் பால், கொஞ்சம் சர்க்கரை, ரெயில்வே விதிப்புத்தகம், வேலை கற்றுக்கொண்டபோது குறிப்பு எழுதி வைத்த நோட்டு ஆகியவை இருந்தன.

சட்டைப்பையில் 270 பவுண்டு ரொக்கம் இருந்தது. அது எதற்கு தெரியுமா? வேலை முடிந்ததும் மகளுக்கு ஒரு பழைய கார் வாங்கிக் கொடுக்க!

டூட்டிக்கு முன்பு சக ஊழியர் ஒருவருக்கு டீயில் போட தன்னுடைய சர்க்கரையைக் கொடுத்தார். "கொஞ்சமாகப் போட்டுக்கொள், டூட்டி முடிந்து வந்து நான் இன்னொரு கப் குடிக்க வேண்டும்" என்ற பொருளில் தமாஷாகவும் சொல்லி விட்டுப் போனார்.

சாகப் போகிற மனிதர் அடுத்த டீக்கு சர்க்கரையை மிச்சம் பிடிப்பாரா? பின்னால் எல்லோரும் கேட்ட கேள்வி இதுதான்.

நிக்கலையே!

மூர்கேட்டில் 9-ம் நம்பர் பிளாட்பாரத்தோடு பாதை முடிந்தது. அதற்கு மேல் பாதை இல்லை. வழக்கமாக மணிக்கு 15 மைல் வேகத்தில் மெதுவாக நுழைந்து, பிளாட்பார முனையில் நிறுத்த வேண்டும்.

பிளாட்பாரத்துக்கு அப்பால் சுமார் 66 அடி நீளத்துக்கு ஒரு முட்டுக்குகை உண்டு. அதில் ஒரு சிவப்பு விளக்கு. பிறகு தப்பித்தவறி வரும் வண்டியை இழுத்துப் பிடிக்க 36 அடி நீளத்துக்கு மணல் மேடு. அதற்கும் பிறகு ஒரு தடுப்பு. அப்புறம் சுவர்.

அன்று வண்டி 30 மைலுக்கு மேலான வேகத்தில் உள்ளே பாய்ந்தது. ஸ்டேஷனுக்கு முன்னால் தண்டவாளம் மாறும் இடத்தில் பெட்டிகள் பலமாக ஆடின. உள்ளே இருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திடுக்கிட்டுப் பார்த்தார்கள்.

பிளாட்பாரத்தில் நின்றவர்கள் கண் எதிரே வண்டி பறந்தது. "என்னடா இது, நிக்கலையே!" என்று நினைத்து முடிப்பதற்குள் முதல் பெட்டி குகைக்குள் போய்விட்டது.

அவர்களில் சிலர் டிரைவரைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன விவரம்தான் திகிலூட்டுவது:-

டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து இருந்தார். தலையில் தொப்பி. கைகள் கருவியின் மேல். கண்கள் நேராக முன்னால் பார்த்தபடி. சிலை மாதிரி!

52 அடி பெட்டி 20 அடி ஆனது

மணல் மேட்டை கிழித்துக்கொண்டு, தடுப்பை நொறுக்கிக்கொண்டு வண்டி சுவரில் மோதியது.

முதல் பெட்டியின் நீளம் 52 அடி. மோதியதும் அது வளைந்து, நசுங்கி 20 அடிக்குள் சுருண்டது. அதன் பின்பக்கம் மேலே கிளம்பி குகைக் கூரையில் போய் இடித்தது. இரண்டாவது பெட்டி அதற்கு அடியில் புகுந்து நசுங்கியது. மூன்றாவது பெட்டி இரண்டாவது பெட்டியின் மேல் ஏறியது.

குகை சின்னதாக இருந்திருந்தால் பெட்டிகள் இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏற இடமே இருந்திருக்காது.

பின்னால் இருந்த 3 பெட்டிகளுக்கு அதிக சேதம் இல்லை. அதில் இருந்தவர்கள் முகமெல்லாம் கரி அப்பிய நிலையில் தட்டுத்தடுமாறி பிளாட்பாரத்தில் இறங்கி வெளியே வந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் வரவில்லை.

பாதாளத்தில் அனல்

சில நிமிடங்களில் ஆம்புலன்சும், தீயணைப்புப் படையும் வந்து சேர்ந்தன. கீழே இறங்கிப் பார்த்தவர்களுக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. குகை வாயில் வரை இரும்பும் மனிதர்களும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தார்கள். எது எந்தப் பெட்டி என்று சொல்ல முடியவில்லை.

புனித பார்த்தலோமியோ ஆஸ்பத்திரியில் இருந்து டாக்டர்கள் விரைந்து வந்தார்கள். நசுங்கிய இரும்புக்கு நடுவே வயிற்றால் ஊர்ந்து போய், வலியில் துடித்தவர்களுக்கு ஊசி போட்டார்கள்.

வயர்லெஸ் கருவிகள் பாதாளத்தில் சரியாக வேலை செய்யவில்லை. எது வேண்டும் என்றாலும் ஆள் மேலே ஓடிவந்து சொல்ல வேண்டும்.

இன்னொரு பெரிய கஷ்டம் வெக்கை. பாதாள ரெயிலில் காற்று ஓட்டத்தை உண்டாக்குவதே ஓடுகிற ரெயில்தான். ரெயில் நின்றது. காற்றும் நின்றது. வெளியே பிப்ரவரி மாதக் குளிர். உள்ளே 120 டிகிரிக்கு மேல் அனல்! தீயணைப்பு வீரர்கள் முறை வைத்து மாறி மாறித்தான் வேலை செய்ய முடிந்தது.

மீட்பு வேலை முடியும் வரை மொத்தம் 1,324 தீயணைப்பு வீரர்கள், 240 போலீசார், 80 ஆம்புலன்சு ஊழியர்கள், 16 டாக்டர்கள் பாடுபட்டார்கள்.

போலீஸ் பெண்ணின் கால்

முதல் பெட்டியில் 19 வயது போலீஸ் பெண் ஒருவர் சிக்கிக்கொண்டார். அவர் பக்கத்திலேயே பங்கு மார்க்கெட்டில் வேலை பார்க்கும் 27 வயது வாலிபர் ஒருவர். காலையில் ஏறும்போது ஒருவரை ஒருவர் யார் என்றே தெரியாது. அன்று பகல் முழுவதும் இரும்புக்கு நடுவே உடலோடு உடல் ஒட்டிக் கிடந்தார்கள்.

காலை போய், மத்தியானம் போய், இரவு வந்துவிட்டது. எவ்வளவு வெட்டியும் போலீஸ் பெண்ணின் இடது காலை விடுவிக்க முடியவில்லை.

கடைசியில் டாக்டர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள். பாதாளத்திலேயே, அந்த இரும்புக் குவியலுக்குள்ளேயே அவருடைய இடது பாதத்தை வெட்டி எடுத்து அவரை வெளியே கொண்டு வந்தார்கள். அப்போது இரவு சுமார் 10 மணி. அவரை எடுத்த பிறகுதான் அந்த வாலிபரையும் வெளியே எடுக்க முடிந்தது.

உயிரோடு வெளியே வந்த கடைசி 2 பேர் இவர்கள்தான். மோதி 13 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

போலீஸ் பெண் பிழைத்தார். அந்த வாலிபருக்கு விதி வேறு மாதிரி இருந்தது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் போராடி, மார்ச் 27-ந் தேதி இறந்தார்.

கடைசி பிணம்

அதன் பிறகு எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லி, இடிபாட்டுக்குள் முனகல் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை.

அதற்கு மேல் பிணங்களை எடுக்கும் வேலைதான். பெட்டிகளை ஒவ்வொன்றாக அறுத்தும், இழுத்தும் எடுத்தார்கள்.

டிரைவரின் பிணம்தான் கடைசி. மார்ச் 4-ந் தேதிதான் எடுக்க முடிந்தது. அவர் உட்கார்ந்து இருந்த அறை 3 அடி ஆழம் கொண்டது. மோதியதில் அது 6 அங்குலம் ஆகிவிட்டது!

எடுக்கும் முன்பே அதிகாரிகளும் டாக்டரும் அவர் இருந்த நிலையைப் பார்வையிட்டார்கள். அவர் கருவிகளின் முன்னாலேயே இருந்ததாகத் தெரிந்தது. சுவர் எதிரே வருவதைப் பார்க்கும் எந்த மனிதனும் முகத்தை மறைக்க கையைத் தூக்குவான். இவர் தூக்கவே இல்லை.

'டெட்மேன்' கைப்பிடி

ரெயிலில் கோளாறு இருந்ததா? சக்கரம் முதல் பிரேக் வரை எல்லாவற்றையும் சோதித்தார்கள். பிரேக் நன்றாக இருந்தது. ஆனால் யாரும் போடவில்லை!

இந்த வண்டியில் 'டெட்மேன்' கைப்பிடி என்று ஒன்று உண்டு. டிரைவர் அதை அழுத்திப் பிடித்திருந்தால்தான் வண்டி ஓடும். அவர் மயங்கி விழுந்தாலோ, செத்தாலோ கை தளர்ந்து கைப்பிடி மேலே வரும். உடனே கரண்டு நின்று பிரேக் விழும்.

அந்தக் கைப்பிடியும் நன்றாகவே வேலை செய்தது. அப்படியானால், கடைசி வினாடி வரை டிரைவரின் கை அதை அழுத்திக்கொண்டே இருந்தது என்று ஆகிறது.

மாரடைப்பா? பிரேத பரிசோதனையில் அதற்கு அறிகுறி இல்லை. பக்கவாதமா? அதுவும் இல்லை.

குடித்திருந்தாரா?

ரத்தத்தில் சாராயச் சத்து இருந்ததாக சோதனையில் தெரிந்தது. பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன.

ஆனால் 4 நாட்கள் அந்த அனலில் கிடந்த பிணம் அது. உடல் அழுகும்போது தானாகவே அந்தச் சத்து உண்டாகும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். "அவர் குடிக்கிற ஆள் இல்லை" என்றார் மனைவி. காலையில் அவரோடு டீ குடித்தவர்களும் எந்த வித்தியாசத்தையும் பார்க்கவில்லை. எனவே குடிப்பழி நிரூபணம் ஆகவில்லை.

தற்கொலையா? அதே வாரத்தில் அவர் வண்டியை பிளாட்பாரத்தில் சற்றுத் தள்ளி நிறுத்திய சம்பவங்கள் உண்டு. "அது ஒத்திகை" என்றார்கள் சிலர். "புது டிரைவர், கணக்கு தவறியது" என்றார்கள் சிலர். மகளுக்கு கார் வாங்க வைத்திருந்த 270 பவுண்டையும், மிச்சம் வைக்கச் சொன்ன சர்க்கரையையும் பார்த்தவர்கள் "தற்கொலை இல்லவே இல்லை" என்றார்கள்.

இன்னும் ஒரு சந்தேகமும் உண்டு. கண் திறந்திருக்கும், உடல் விறைப்பாக இருக்கும், ஆனால் மூளை மட்டும் சில வினாடிகள் உறைந்து போகும் ஒரு வகைக் கோளாறு. அது வந்திருந்தால் கை கைப்பிடியை விடாது. கால் அசையாது. சுவர் வருவது தெரியாது. ஆனால் செத்தவர் மூளையில் அதைக் கண்டுபிடிக்க வழி இல்லை.

கார்டு எங்கே போனார்?

வண்டியின் பின்னால் 18 வயது கார்டு ஒருவர் இருந்தார். அவரிடமும் அவசர பிரேக் உண்டு. அவர் ஏன் போடவில்லை?

விசாரணையில் அவரே உண்மையைச் சொன்னார். இருக்க வேண்டிய இடத்தை விட்டு, பெட்டியில் யாராவது பேப்பர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று தேடப் போயிருந்தார்! சலிப்பான வேலை, சின்ன வயது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தீர்ப்பு

1975 ஏப்ரலில் மரண விசாரணை நடந்தது. "விபத்து மரணம்" என்று ஜூரிகள் தீர்ப்புக் கூறினார்கள்.

ரெயில்வே இன்ஸ்பெக்டர் கர்னல் மக்நாட்டன் நடத்திய தனி விசாரணையின் அறிக்கை 1976-ல் வெளிவந்தது. வண்டியிலும் பாதையிலும் தவறு இல்லை, டிரைவர் நிறுத்தத் தவறியதுதான் காரணம் என்று அவர் கூறினார். அது வேண்டும் என்றே செய்ததா, நோயா என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பதோடு கோப்பு மூடப்பட்டது.

ஆனால் ஒருவர் மூடவில்லை. லாரன்ஸ் மார்க்ஸ் என்ற பத்திரிகையாளர். செத்தவர்களில் ஒருவர் அவருடைய தகப்பனார். பின்னாளில் டெலிவிஷனில் நகைச்சுவைத் தொடர்கள் எழுதி பிரபலம் ஆனவர் இவர். அந்த நாட்களில் மாதக்கணக்கில் துப்பு துலக்கினார். டிரைவர் தற்கொலை செய்து கொண்டார் என்பதே அவருடைய முடிவு. 2006-ல் இதை டெலிவிஷன் படமாகவும் கொடுத்தார். டிரைவரை அறிந்தவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பாடம் என்ன?

முட்டுச்சுவர் உள்ள ஸ்டேஷன். தினமும் ஆயிரக்கணக்கான ஜனங்கள். அவ்வளவு பேர் உயிரும் ஒரே ஒரு மனிதரின் கையில்! அந்தக் கை ஏமாற்றினால் காப்பாற்ற வேறு ஏற்பாடு இல்லை. மணல் மேடு மெதுவாக வரும் வண்டிக்குத்தான் உதவும்.

விபத்துக்குப் பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். கடைசி ஸ்டேஷன்களில் வண்டி குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வந்தால், தண்டவாளத்தின் ஓரத்தில் உள்ள ஒரு கருவி தானாகவே பிரேக்கைப் போட வைக்கும். டிரைவர் விழித்திருந்தாலும் சரி, உறைந்து போனாலும் சரி, வண்டி நிற்கும். 1980-களின் மத்திக்குள் லண்டன் பாதாள ரெயில் முழுவதும் இது வந்துவிட்டது. இந்த ஏற்பாட்டுக்கே 'மூர்கேட்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

43 பேர் செத்த பிறகு வந்த பிரேக் அது.

வண்டிகள் என்ன ஆயின?

மார்ச் 10-ந் தேதி மூர்கேட்டுக்கு மறுபடியும் ரெயில் ஓடத் தொடங்கியது. அதே ஜனங்கள், அதே பிளாட்பாரம்.

அதே ஆண்டு அக்டோபரில் அந்தப் பாதையில் பாதாள ரெயில் நிறுவனத்தின் வண்டிகள் நிறுத்தப்பட்டன. இது விபத்துக்கு முன்பே போட்ட திட்டம். 1976-ல் பிரிட்டிஷ் ரெயில்வேயின் பெரிய வண்டிகள் ஓட ஆரம்பித்தன. 1904-ல் எதற்காக 16 அடி குடைந்தார்களோ, அது 72 வருடம் கழித்து நிறைவேறியது.

1938 மாடல் சிவப்பு வண்டிகள் லண்டனில் 1988 வரை ஓடின. அவற்றில் சில, இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவுக்குப் போய், 2021 ஜனவரி வரை ஜனங்களை ஏற்றிச் சென்றன. 80 வருடம் தாண்டி உழைத்த வண்டி! அதன் மேல் குற்றம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

செத்தவர்களுக்கு நினைவுக்கல் வைக்கவே 38 வருடம் ஆயிற்று. 2013-ல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உள்ள பின்ஸ்பரி சதுக்கத்தில் பெயர்களோடு கல் நாட்டினார்கள். மறு ஆண்டு ஸ்டேஷன் அருகிலேயே ஒரு பலகையும் வைத்தார்கள்.

தினமும் காலையில் ஆபீசுக்கு ஓடுகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

டூட்டி முடிந்து வந்து இன்னொரு கப் டீ குடிப்பேன் என்று சொன்ன மனிதர் ஏன் பிரேக்கைத் தொடவில்லை என்பது அந்த 6 அங்குல இடுக்கிலேயே நசுங்கிப் போனது. சர்க்கரை மட்டும் மிச்சம்.